பிலோமினா மாமியைத் தாராக்கள் கொல்லவில்லை

கோயில் மணி அடித்தபோது நான் பிலோமினா மாமியின் தாரா வாத்துகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கொழும்புத்துறையில் சாவை முதலில் சொல்வது அந்த மணிதான். ஒன்று அடித்து, நிறுத்தி, பிறகு இன்னொன்று. முதல்நாள் மாலை மாமியை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஏறும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "தண்ணியை மாத்திவிடு பிள்ளை. பழந்தண்ணியிலை விடாதை." ஆகவே மணி யாருக்கென்று நான் எவரையும் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா, வாளியை வைத்துவிட்டு வரச் சொன்னார். தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் போனேன்.

நீங்கள் எல்லோரும் மாமியை அறிந்தவர்கள். சந்தையில் அவரிடம் மீன் வெட்டுவித்தவர்கள். செதிலைத் தட்டிக்கொண்டே, பழுதான மீனை வாங்கியதற்காக உங்களை ஏசி அனுப்பியிருப்பார். வருகிற முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவருடைய முற்றத்தில் உங்களுக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் செத்தவரைப் பற்றி யாராவது எழும்பி நாலு வார்த்தை பேசுவது வழக்கம். அந்த நாலு வார்த்தையை நான் பேசப்போகிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. தாராக்களைப் பற்றி இந்த வீட்டில் இனி ஒரு கதையும் இருக்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருப்பதால், அவர் படுத்த பிறகு இதை எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுங்கை முழுதும் ஒரு பொய் உலாவுகிறது. தாராக்களின் வருத்தம் தொற்றித்தான் பிலோமினா செத்தாள் என்கிறார்கள். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டே, அதே தாராக்களை அந்த நாள் சாப்பாட்டுக்குக் கறியாக்கவும் முடிவு செய்திருக்கிறார்கள்.

நடந்ததை நான் கண்டேன். அதைச் சொல்கிறேன்.

மாரி மழையில் மாமியின் வைக்கோல் எல்லாம் நனைந்து போனது. தாராக்கள் ஈரத்தில் படுக்கக்கூடாது என்று அவர் கரைக்குப் போய்ச் சாதாளை அள்ளிவந்தார். அலை கொண்டுவந்து ஒதுக்குகிற அந்தக் கடற்புல்லை நாங்கள் தென்னையடி மண்ணில் பசளையாகத்தான் தாழ்ப்போம். காய்ந்தால் மெத்தை மாதிரி இருக்கும். மாமி அள்ளியது மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். அதைக் கொட்டிலுக்குள் தடிப்பாகப் பரப்பி, கூதல் அடிக்காமல் சுற்றிவர உரப்பைகளைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கொஞ்ச நாளில் தாராக்கள் தும்மத் தொடங்கின. மூக்கில் சளி வடிந்தது. கண் ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு வாயைத் திறந்து மூச்சு விட்டன. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. பிள்ளைகளுக்குத் தடிமன் வந்தால் செய்வதைச் செய்யச் சொன்னார்கள் ஒழுங்கைப் பெண்கள். என் அம்மாவும் சொன்னார். மாமி சட்டியில் தணல் போட்டு, வேப்பிலையும் சாம்பிராணியும் தூவி, கொட்டிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். விடிய, வெள்ளைப் பேடு விறைத்துக் கிடந்தது.

அப்போது மாமி சொன்னதை எத்தனை பெரியவர்கள் சொல்வார்கள் என்று தெரியவில்லை. பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இதை நான்தான் சாக்காட்டினனான்" என்றார். "மற்றதுகளையும் கொல்ல முதல் தெரிஞ்ச ஆரையும் கேக்கவேணும்."

அன்று சனிக்கிழமை. செத்த பேட்டைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் புறப்பட்டார். நானும் போனேன். பஸ்ஸில் நடத்துநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார்.

"பையுக்குள்ளை என்னம்மா?"

"என்ரை சொந்தக்காரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்."

"செத்துப்போச்சுப் போலை கிடக்கு."

"ஓம் தம்பி. நீங்கள் பஸ் ஓட்டுற ஓட்டத்துக்கு உயிரோடை ஏறினவையும் அப்பிடித்தான் இறங்குவினம்."

பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்துவிட்டு எங்களை யன்னலோரம் இருத்தினார்.

மிருக வைத்தியர் இளம் பெண். பேட்டை வெட்டி, சுவாசப்பையைக் காட்டினார். உள்ளே சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணப் புள்ளிகள். எதில் படுக்க விடுகிறீர்கள் என்று கேட்டார். மாமி சாதாளையையும் சொன்னார், உரப்பையையும் சொன்னார், புகை போட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். ஈரச் சாதாளையில் பூஞ்சணம் பிடித்து, காற்றுப் போகாத கொட்டிலில் அந்தத் தூசு தாராக்களின் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். மூச்சு முட்டுகிற உயிருக்குப் புகை ஆகாது என்றார். பூஞ்சணத்துக்கு நிச்சயமான மருந்து இல்லை. சாதாளையை முழுதாக அகற்றி, காய்ந்த படுக்கையும் காற்றும் கொடுத்தால் தப்புகிறவை தப்பும். சளியும் நுரையும் வடிகிறவற்றில் வேறு கிருமியும் சேர்ந்திருக்கிறது, அதற்குத் தண்ணீரில் கலக்க ஒரு தூள் தந்தார். மாமி கடைசியாகக் கேட்டது இதுதான்: "பக்கத்து வீட்டிலை முட்டு வருத்தக்காரப் பிள்ளை ஒண்டு இருக்குது. அவனுக்கு உது தொத்துமோ?" பூஞ்சணம் தாராவிலிருந்து ஆளுக்குத் தொற்றாது, ஆனால் அந்தத் தூசு யாருக்கும் கூடாது, அள்ளும்போது மூக்கைக் கட்டுங்கள், பிள்ளையைக் கிட்ட விடாதீர்கள், கை கழுவுங்கள் என்று வைத்தியர் சொன்னார். அந்தப் பிள்ளை என் தம்பி.

சாதாளையை அள்ளும் வேலையில் மாமி என்னைச் சேர்க்கவில்லை. அள்ளிய நாள் காலையிலேயே தம்பியைச் சித்தி வீட்டுக்கு அனுப்புவித்தார். தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தானே அள்ளித் தூரத்தில் கிடங்கு வெட்டித் தாழ்த்தார். உரப்பைகளை அறுத்து எறிந்துவிட்டு, பழைய வலையைக் கட்டினார். காற்று வந்தது, நாய் வரவில்லை.

என் வேலை தண்ணீர். மருந்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அவை குடிக்கக்கூடாது. முற்றத்தில் மழை விட்டுப்போன குட்டைகள் நிறைய. தாராவிடம் குட்டைக்குப் போகாதே என்று யார் சொல்வது? கல்லும் மண்ணும் போட்டு நிரவினோம். நீலப் பீப்பா ஒன்றைப் பாதியாக அறுத்து, தலை முழுதும் அமிழக்கூடிய ஆழத்துக்கு மருந்துத் தண்ணீர் வைத்தோம். தலையை அமிழ்த்தினால்தான் தாரா தன் மூக்கையும் கண்ணையும் கழுவும். எழும்ப முடியாதவற்றை ஐஸ் போட்டு மீன் வருகிற ரெஜிபோம் பெட்டிகளில் தனித்தனியாக வைத்து, மாமி கண்ணைத் துடைத்துவிட்டார். துடைக்கும்போதும் ஏச்சுத்தான். "கண்ணைத் திறவடி. என்னைப் பாக்க விருப்பமில்லையெண்டால் சுகமாகி எழும்பி ஓடு." மருந்து நாட்களிலும், பிறகு வைத்தியர் சொன்ன காலம் முடியும்வரையும், இட்ட முட்டைகளைக் கிடங்கில்தான் போட்டார். அந்தக் காலம் இப்போது முடிந்துவிட்டது. ஆகவே மருந்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தமாட்டேன்.

அந்த நாட்களில்தான் சம்மாட்டியார் மாமியின் வேலிப் படலைக்கு வந்தார். எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் அவருடைய வள்ளங்களில்தான் தொழிலுக்குப் போகிறார்கள். என் அப்பாவும்தான். அப்பா பின்னால் நின்றார். இந்த வருத்தம் ஊருக்குப் பரவ முதல் எல்லாவற்றின் கழுத்தையும் திருகிப் புதைக்கச் சொன்னார் சம்மாட்டியார். வைத்தியர் சொன்னதை மாமி ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். அவர் கேட்கவில்லை.

"நாள் முழுக்க மீன் வெட்டிற கை. தாராவிலை மட்டும் என்ன இரக்கம் உனக்கு?"

"மீன் ஒரு நாளும் என்ரை முத்தத்திலை நிண்டு என்னைக் கூப்பிடேல்லை" என்றார் மாமி. "உதுகள் கூப்பிடுதுகள். கூப்பிட்டால் போகவேணும்."

பிறகு அப்பாவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "உன்ரை பெடியனுக்காகப் பயப்பிடுறாய் எண்டு எனக்குத் தெரியும். வைத்தியரிட்டை முதல் அவனைத்தான் கேட்டனான்."

இன்னும் சில செத்தன. மற்றவை ஒவ்வொன்றாக எழும்பி நடந்தன. அதில் ஒரு பேட்டுக்குச் சத்தம் இல்லாமல் போய்விட்டது. மற்றவை கத்தும்போது அதுவும் வாயைத் திறக்கும், காற்று மட்டும் வரும். நாங்கள் அதற்கு ஊமைச்சி என்று பெயர் வைத்தோம். இந்த ஒழுங்கையில் வாய் காட்டாத ஒரே பொம்பிளை இவள்தான் என்று சொல்லிச் சொல்லி மாமி சிரித்தார்.

மாமிக்கு வருடக்கணக்காக நெஞ்சு வருத்தம் இருந்தது உங்களுக்குத் தெரியும். மாதம் மாதம் கிளினிக்குக்குப் போய்வந்தவர். அந்த மாலை மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது வேர்த்து, இடக்கை உளைகிறது என்று சொல்லிப் பலகையில் சாய்ந்தார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் சொன்னபோது என் அப்பா பக்கத்தில் நின்றார். தன் காதால் கேட்டார். ஆனாலும் செத்தவீட்டில் சம்மாட்டியார் தாராக் கதையைத் தொடங்கியபோது அப்பா தலையை ஆட்டினார். அப்பா கெட்டவர் அல்ல. தம்பி மூச்சுக்கு அந்தரப்படும் இரவுகளில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர் அவர்தான். பயந்தவருக்கு யாராவது ஒருவர் மேல் பழி போட வேண்டியிருக்கிறது. ஆனால் பயத்தை நான் மதிக்கலாம், பொய்யை மதிக்கமாட்டேன்.

மாமியின் மகன் பிரான்சிலிருந்து தொலைபேசியில், எல்லாவற்றையும் நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றார். அதன்படி எங்கள் வீட்டில் கூடிக் கதைத்தபோது கறிக்கு என்ன என்று கேள்வி வந்தது. "ஏன், தாராக்கள் நிக்குதுகள்தானே" என்றார் சம்மாட்டியார். வருத்தக்காரத் தாராவெல்லோ என்று யாரோ இழுத்தார்கள். மிளகைத் தூக்கலாகப் போட்டுக் கொதிக்க வைத்தால் எந்த வருத்தமும் நிற்காது என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

சம்மாட்டியார் அவர்களே, உங்களுக்கு முன்னால் நின்றும் இதைக் கேட்பேன். மாமியைக் கொன்ற வருத்தம் அந்தத் தாராக்களில் இருக்கிறது என்றால், ஊருக்கு எப்படி அவற்றைச் சமைத்துப் போடுவீர்கள்? சமைத்துச் சாப்பிடக்கூடிய சுகமான தாராக்கள் என்றால், அவை மாமியைக் கொன்றன என்று எப்படிச் சொல்வீர்கள்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

மாமி பிழை விட்டார். ஈரச் சாதாளையைப் பரப்பினார், புகை போட்டார். பிழை என்று தெரிந்ததும் வாயால் சொன்னார், கையால் திருத்தினார். அவரைப் பற்றி நீங்கள் சொல்லவேண்டியது அது. தன் பிழைக்குத் தாராக்களைச் சாகவிடாமல் பாடுபட்ட மனுசியின் முற்றத்தில், அவர் பெயரால் அந்தத் தாராக்களை வெட்டக்கூடாது.

அப்பா, நான் இதை வாசித்து முடித்ததும் நீங்கள் என்னை ஏசலாம். மாமியின் படலைப் பூட்டுத் திறப்பு உங்களிடம் இருக்கிறது. அது இல்லாமலே இத்தனை நாளும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போய்த்தான் அவற்றுக்குத் தீன் வைத்தேன். தண்ணீர் மாற்றினேன். கை கழுவி, உடுப்பு மாற்றிய பிறகுதான் தம்பிக்குக் கிட்டப் போனேன். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்களே பார்த்தீர்கள்.

மாமியின் கத்தியையும் பலகையையும் யாரோ கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். அவருடைய படம் மகனுக்குப் போகும். என்னிடம் இருப்பது அவர் படலையில் நின்று சொன்ன அந்தச் சொல் மட்டும். கூப்பிட்டால் போகவேணும்.

விடிந்தால் தாராக்கள் கூப்பிடும். ஊமைச்சியும் அவற்றோடு நின்று வாயைத் திறக்கும். நான் போவேன்.