ஜெனரேட்டரும் ஒரு புல்லாங்குழலும்

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டப மேடையில் புல்லாங்குழலோடு உட்கார்ந்திருந்தேன். கல்லூரிப் பழைய மாணவர்கள் சந்திப்பு. குழல் நடுங்கியது. வேட்டிகூட நடுங்கியதாக மனைவி சொல்கிறாள்.

பக்கத்தில் மைதீன். தென்காசிக்காரன், என்னோடு இன்ஜினீயரிங் படித்தவன், பாடகன். துபாயில் லிஃப்ட் மாட்டுகிறான். மறுநாள் அவனுக்கு ஃபிளைட்.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் பாட்டு என்றால் அரியர் என்று அர்த்தம். அதனால் டிராயிங் ஷீட் சுருட்டி வைக்கும் குழாய்க்குள் குழலை ஒளித்துக் கொண்டுபோவேன். ‘ஞாயிற்றுக்கிழமைகூட வரைபடமும் கையுமா அலையுதானே!’ என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. முழுப் பொய்யும் இல்லை... ஷீட்டின் பின்பக்கம் மைதீன் வாய் பிளந்து பாடுவதை வரைந்து வைத்திருப்பேன்.

பிராக்டீஸ் ஐந்தருவிப் பக்கம். ஏன் அங்கே? அந்த இரைச்சலில் என் அபஸ்வரம் எனக்கே கேட்காது. நான் ஒரு மேதை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு வேலை. காற்றாலை மெயின்டெனன்ஸ். இங்கேதான் சிக்கல். குற்றாலத்தில் சாரல் இறங்கி, ஊரே பாட்டும் கூத்துமாக இருக்கிற அதே மாதங்களில்தான் காற்றும் பிய்த்துக்கொண்டு அடிக்கும். காற்றடித்தால் காற்றாலைக்காரனுக்கு ஏது லீவு?

இருபத்திரண்டு வருடம் முன்னால் எங்கள் முதல் மேடை. அன்றைக்கென்று பார்த்து, கியர்பாக்ஸில் ஏதோ சத்தம் என்று சைட்டிலிருந்து அழைப்பு. போய்விட்டேன். மைதீன் தனியாகப் பாடினான்.

“நீ ஊதுற இடம் வந்தப்போ ரெண்டு ஆவர்த்தனம் சும்மா இருந்தேம்லே. தாளம் மட்டும் போட்டேன்” என்றான் மறுநாள்.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

எனவே இந்த முறை முன்னெச்சரிக்கை. “போனை இங்கன குடுங்க” என்று மனைவி பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி யார் என்னைக் கூப்பிட முடியும்?

கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் உறுமியது. மைதீன் பாட ஆரம்பித்தான் — அவனே மெட்டுப் போட்டு, அன்றைக்குத் தனியாகப் பாடிய அதே பழைய பாட்டு. கூட்டம் மைதீனைக் கேட்டது. நான் ஜெனரேட்டரைக் கேட்டேன்.

ஏறுது... இறங்குது... ஏறுது... இறங்குது...

டீசல் சரியாகப் போகவில்லை! ஃபில்டர் அடைப்பு! இன்னும் ஐந்து நிமிஷம்தான்! எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது மெஷினுக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை ஐயா... இரண்டுமே சம்பளம் வருகிற பக்கம்தான் சாய்கின்றன.

பாதி எழுந்தும்விட்டேன். சரணத்துக்கு முன்னால் மைதீன் மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, “ஃபில்டர் அடைச்சிருக்கு மாப்ளே!” என்றேன்.

“அடைச்சா அடைக்கட்டும். ஒக்காருலே.”

“நின்னுரும்லே!”

“நிக்கட்டும். நீ எந்திரிச்சே... பல்லைத் தட்டிருவேன்.”

அத்தனையும் மைக்கில் கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உட்கார்ந்தேன்.

என் இடம் வந்தது. மைதீன் நிறுத்தினான். தொடையில் தாளம் போட்டபடி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. காத்திருந்து பழகியவனின் பார்வை. ஒரு ஆவர்த்தனம் அப்படியே போனது.

இரண்டாவதில் ஊதினேன்.

முதல் சுரம் வெறும் காற்று. அடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்ததில் ஐந்தருவியே வந்துவிட்டது... கடைசிச் சுரத்தை முடித்து வாயை எடுத்தேன். டப்! ஜெனரேட்டர் நின்றது. மைக் செத்தது.

யாரும் எழுந்து போகவில்லை. பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார்கள். மைதீன் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு மிச்சப் பாட்டைப் பாடி முடித்தான்.

இறங்கியதும் ஜெனரேட்டர்காரர் ஓடி வந்தார். “ஃபில்டர் அடைச்சிட்டு அண்ணாச்சி!”

மைதீன் என் முதுகில் ஒன்று வைத்தான். “இப்போ போலே. இப்போ போயி பாரு.”

போகவில்லை. சர்வீஸில் நான் கை வைக்காமல் விட்ட ஒரே மெஷின் அதுதான். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை — நான் ஊதியதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தானே நின்றது!