தூறல் நாளில் வந்த சூரியன்

என் மகள் திருப்பதியில் ஆராய்ச்சி செய்கிறாள். சூரியனின் காந்தப்புலத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத கடுமையான புற ஊதாக் கதிர் எங்கே கூடும், எங்கே குறையும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் இப்படி விளக்கினாள்:

"சூரியனும் சுத்திக்கினுதான் கீது நைனா. பின்பக்கம் நமக்குத் தெரியாது. தேரு கோயிலுக்குப் பின்னால போயிட்ச்சின்னு வெச்சிக்கோ. போறப்போ அலங்காரம் எப்டி இருந்துச்சின்னு பாத்த இல்ல? திரும்பி வர்றப்போ எப்டி இருக்கும்னு முன்வாசல்ல நின்னுக்கினே சொல்லணும்."

அவளுடைய முந்தைய கணிப்புகள் தப்பாகிப் போயிருந்தன. அடுத்ததும் தப்பானால் இந்த முறையையே விட்டுவிட வேண்டும் என்று அவளுடைய பேராசிரியை சொல்லிவிட்டார். வருடக்கணக்கான உழைப்பு. வெள்ளிக்கிழமை சூரியனின் இடது ஓரத்தில் பெரிய வெளிச்சத் திட்டு எட்டிப் பார்க்கும் என்று மகள் அவரிடம் படம் போட்டுக் கொடுத்தாள்.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி தன் தம்பியிடம் சொல்லிவிட, அவன் களத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாமா, வெள்ளிக்கெழம வெயில் ஜாஸ்தின்னு உம்பொண்ணு சொல்லிகீதாமே! கடலய அன்னிக்கே காயப் போட்டுட்றேன்."

அந்தக் கதிர் தரைக்கே வராது, மேலே இருக்கும் காற்றே அதைக் குடித்துவிடும் என்று மகள் சொன்னது நினைவிருந்தது. இருந்தும் சிரித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் விஜயபுரத்தில் விடிந்ததிலிருந்து தூறல். வேர்க்கடலையைத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

"எங்க மாமா சூரியன்?" என்றான் மைத்துனன்.

அப்போது போன் அடித்தது. மகள்தான். "ரெண்டு படம் அனுப்பிகீறேன், பாரு நைனா. ஒண்ணு நான் போட்டது, ஒண்ணு சாட்டிலைட் எடுத்தது."

பார்த்தேன். இரண்டிலும் இடது ஓரத்தில், ஒரே இடத்தில், வளைவு வளைவாக வெளிச்சம்.

"இதுல எதும்மா நீ போட்டது?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "வித்தியாசம் தெரில இல்ல? அதுதான் நைனா வேணும்!"

பக்கத்திலிருந்த பேராசிரியையின் குரலும் கேட்டது. போதும், இதே முறையில் மேலே போகலாம் என்று தெலுங்கில் சொன்னார்.

மைத்துனன் போனை எட்டிப் பார்த்தான். "கடல காயலயே மாமா."

"சூரியன் வந்துட்ச்சிடா!" என்று கத்தினேன்.

களத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வழக்கம்போல் தலையைக் குனியவில்லை நான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். "பாருங்க, எம்பொண்ணு சொன்ன எடத்துலயே வந்துகீது." திரையில் விழுந்த தூறலைத் துண்டால் துடைத்துத் துடைத்துக் காட்டினேன்.