அம்பத்தூர்–ஆவடி–பூந்தமல்லி: முழு டேங்கில் மட்டும் நின்ற கார்

ஊர் சுற்றப் போன பயணம் இல்லை இது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை, அது எங்கே, எப்போது, ஏன் நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே ஓட்டிப் போனோம். ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது ஞாயிறு, காலை 9.10க்குக் கிளம்பி மதியம் 1 மணிக்குத் திரும்பினோம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கார் நிவேதா அக்காவுடையது. மதுரைக்காரர். ஐ.டி. வேலை, நூம்பலில் ஃபிளாட். ஐம்பது வயது வண்டி, இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை மடங்கும். கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் தப்பு கம்பெனியுடையது இல்லை.

நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். என் சொந்த அக்காவின் கணவர் சேகர் மாமா அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக அங்கேதான் வேலை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை முதல்முறையாக யாரும் பக்கத்தில் இல்லாமல் நானே கழற்றி மாட்டியது இந்த வண்டியில்தான். அந்த வாரத்திலிருந்து வண்டி நிற்க ஆரம்பித்தது. எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை வண்டியை பெங்களூருக்கு அனுப்பி எஞ்சினைப் பிரிப்பதாக நிவேதா அக்கா முடிவு செய்துவிட்டார். மாமாவுக்கு அவமானம். "நீயே கூட குந்திகினு போய்ப் பாரு. கார்புரேட்டர்தான்னு தெரிஞ்சா, நாளிக்கிலர்ந்து பில்லு புக்கோட குந்திக்க. ஸ்பேனர் பக்கம் வராத" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. ஒரு நோட்டும் டூல்ஸ் பையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

சி.டி.எச். ரோட்டில் ஆவடி வரை 9 கிலோமீட்டர், 35 நிமிடம். திருமுல்லைவாயல் பக்கம் நெரிசலில் வண்டி நன்றாகச் சூடேறியது. இங்கே நிற்கும், இங்கே நிற்கும் என்று நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு இருமல்கூட இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா காய்ச்சல் விட்டுப் போற பிள்ளை மாதிரில்ல பண்ணுது" என்றார் நிவேதா அக்கா. நான் 'சூட்டினால் இல்லை' என்று நோட்டில் எழுதினேன்.

ஆவடியில் டேங்கை முழுதாக நிரப்பினோம். 28 லிட்டர், 2,830 ரூபாய். 10.05க்குப் பூந்தமல்லி ரோட்டில் திரும்பினோம். பருத்திப்பட்டு ஏரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இரண்டு முறை வெட்டி இழுத்து அணைந்தது. பங்கிலிருந்து 5.2 கிலோமீட்டர். உருண்டுபோய் ஓரமாக நின்றோம்.

பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பார்த்தேன். நன்றாக நீலமாக வந்தது. ஆக, கரண்டு கோளாறு இல்லை. அடுத்து, கார்புரேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஃபில்டர். அதில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. முழு டேங்க் இருக்கிறது, ஆனால் பெட்ரோல் கார்புரேட்டர் வாசலுக்கே வந்து சேரவில்லை. அப்படியானால் தப்பு அதற்கும் பின்னால். சொல்லலாமா என்று நினைத்தேன். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் புதிது, அதைச் சந்தேகப்பட முடியவில்லை. காரணம் தெரியாமல் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து, ஒன்றும் செய்யாமலே வண்டி ஸ்டார்ட் ஆனது.

அடுத்தது மோசம். சென்னீர்க்குப்பம் தாண்டி, பெரிய ரோட்டில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், நடு ரோட்டில் அணைந்தது. பின்னால் டிப்பர் லாரி. அவன் அடித்த ஹாரனில் எனக்குக் காது அடைத்துவிட்டது. கண்ணாடியில் பம்பர் மட்டும்தான் தெரிந்தது. நிவேதா அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் குதித்து இறங்கித் தள்ளினேன், அசையவில்லை. ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து தோள் கொடுத்தார்.

ஓரத்துக்கு வந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னாமா, மியூசியத்துலர்ந்து ஓட்டிகினு வந்துட்டீங்களா?" என்றார்.

"காசு குடுத்து வாங்கினதே நான்தாண்ணே" என்றார் நிவேதா அக்கா. சிரிக்கவில்லை. "நாளைக்கே அனுப்பிருவோம் செல்வி. இதுக்கு மேல என்னால முடியாது."

நான் நோட்டைப் புரட்டினேன். இதற்கு முன் வண்டி நின்ற நான்கு தடவையையும் அவரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தேன். நான்குமே டேங்க் நிறையப் பெட்ரோல் போட்ட அன்று. கலப்படமோ என்று அவர் மூன்று பங்க் மாற்றியிருந்தார். இன்றைக்கும் டேங்க் கால்வாசி இருந்தபோது ஒன்பது கிலோமீட்டர் சும்மா ஓடியது. நிரப்பிய பிறகுதான் இரண்டு தடவை. பெட்ரோலின் தரம் இல்லை, அளவுதான் விஷயம் என்று தோன்றியது.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் உள்ளுக்கே இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் குறைவாக இருக்கும் டேங்கில் ஏற்கெனவே நிறையக் காற்று இருக்கும், சமாளித்துக்கொள்ளும். முழு டேங்கில் சமாளிக்காது, நிறுத்தி வைத்து இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

பின்பக்கம் போய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை இழுத்தது.

ஆட்டோக்காரர் ஒரு அடி பின்னால் போனார். "உள்ள பாம்பு எதுனா கீதா?"

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஊசித்துளை ஒன்று இருக்க வேண்டும், காற்று போக. அந்த இடத்தில் காய்ந்து கல்லாகிப்போன சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். ஆயுத பூஜையன்று ஷெட்டில் நிற்கும் எல்லா வண்டிக்கும் பொட்டு வைப்போம். பானெட், சக்கரம், ஸ்டியரிங், பெட்ரோல் மூடி. கிண்ணத்தை வைத்துக்கொண்டு சுற்றி வந்தது நான். பெரிய பொட்டாக, சரியாக நடுவில் அழுத்தி வைத்திருந்தேன். பூஜைப் பொட்டை அழிக்கக் கூடாதென்று நிவேதா அக்காவும் வண்டி கழுவும்போது அதைச் சுற்றியே துடைத்திருக்கிறார்.

அவர் அப்போது போனில் இருந்தார். பேசாமல் துடைத்து மூடியிருக்கலாம், வண்டியும் ஓடியிருக்கும். ஆனால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது, கார்புரேட்டர் மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். ஒன்றிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டுமென்றால் இன்னொன்றில் போட்டாக வேண்டும்.

"அக்கா, இது நான் வெச்ச பொட்டு. இதுதான் அடச்சிருக்கு" என்றேன்.

அவர் மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உறுதியா?"

"இன்னும் இல்ல. ஓட்டிப் பாக்கணும்."

துப்பட்டா ஊக்கால் துளையைக் குத்தினேன். காய்ந்த சந்தனம் பொடியாகக் கொட்டியது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. பூந்தமல்லி, வேலப்பன்சாவடி, நூம்பல், அங்கேயே தெருக்களில் இரண்டு சுற்று, மொத்தம் 9 கிலோமீட்டர், நிற்கவே இல்லை. நிவேதா அக்கா பாட்டுப் போடப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லி, டேப்பால் துளையை மறுபடி ஒட்டினேன்.

"ஏம்மா, ஓடுற வண்டியை நிறுத்தவா பாக்குற?"

"நிக்கணும்க்கா. நின்னாத்தான் இதுதான்னு சொல்ல முடியும்."

லாரி வராத உள்தெருக்களிலேயே சுற்றினோம். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒன்றும் ஆகவில்லை. ஆறிலும் இல்லை. டேங்க் கொஞ்சம் இறங்கியிருப்பதால் நேரமாகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். 7.1இல் இரண்டு வெட்டு, அணைந்தது. டேப்பை உரித்தேன், 'உஸ்'. ஒரே சாவியில் எஞ்சின் பிடித்தது. நிவேதா அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். பெங்களூருக்கு அங்கேயே போன் செய்து வேண்டாம் என்றார்.

மாமாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

"கார்புரேட்டர் இல்ல மாமா. பூஜைக்கு மூடியில நான் வெச்ச பொட்டு, காத்து ஓட்டைய அடச்சிருச்சு."

"இன்னா சொல்ற? பொட்டா?"

"ஆமா. ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிட்டேன்."

"நல்லவேள, சைலன்சருக்கு வெக்காம உட்டியே." பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

இருந்தாலும் கேட்டேன். "நாளைக்கு வர்ற வண்டி கார்புரேட்டர நானே பாக்கட்டுமா மாமா?"

"பின்ன யாரு, நானா பாக்கப் போறேன்? எனக்கு இந்தப் பொட்டு கத தோணிருக்குமா?" என்றார். "சந்தனக் கிண்ணத்த மட்டும் இனிமே தொடாத."

இதே மாதிரி சோதனை ஓட்டம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு காலை எட்டரைக்குள் கிளம்புங்கள். ஆவடி–பூந்தமல்லி ரோட்டில் ஒதுங்க இடம் குறைவு, சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் இல்லாமல் போகாதீர்கள். நாங்கள் அப்படிப் போனது முட்டாள்தனம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நேரம், தூரம், டேங்க் அளவு மூன்றையும் எழுதுங்கள். நான் டேங்க் அளவை எழுதியது தற்செயல்தான், அதுதான் காப்பாற்றியது. பொட்டு வைப்பதென்றால் மூடிக்குப் பக்கத்தில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வண்டி நின்றால் முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து காது கொடுங்கள். சத்தம் வந்தால், யார் என்ன சொன்னாலும் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.