கடைசிக் கட்டத்தை அளந்தவள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். அச்சுக்குப் பிளேட் எடுக்கிற அறையிலிருந்து, அந்த வேலையைப் பார்க்கும் செல்வம் அண்ணன் வெளியே வந்தார். கைபேசி இன்னும் காதிலேயே இருந்தது. "கலை, மதலேன் தவறிட்டுதாம்மா" என்றார். "நேத்து வரல, லீவுன்னுதான நெனச்சேன்?" என்றேன். ஞாயிறு இரவே தூக்கத்தில் போயிருக்கிறாள். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் செவ்வாய்க் காலை ஆகியிருக்கிறது. தனியாக இருக்கிறவர்களின் சாவு இப்படித்தான் மெதுவாக வெளியே வரும் போலிருக்கிறது.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் எங்கள் லேபிள் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மதலேனை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிசைன் அறையில் இரண்டே கம்ப்யூட்டர்கள். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. பதினான்கு வருடம் நாற்காலி இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரே வயது. அவள் டவுனில் சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், சொல்தா என்றால் அதுதான். அண்ணன் பிரான்சில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கினாள். அம்மா போன பிறகும் தங்கிவிட்டாள். நான் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம், பயிர் வைக்கிற குடும்பம். அறைக்குள் நுழையும்போதே "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வாள். நானும் என் வாய்க்கு வந்தபடி "போஞ்சூர்" என்பேன். "அது என்னடி, கஞ்சூர்னு ஏதோ ஊர் பேர் மாதிரி!" என்று சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குள் பெரிய சண்டை நடக்கும். நான் வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டேன். அவளோ வெள்ளிக்கிழமைதான் கறியை விட்டு மீன் சாப்பிடுவாள். பெரிய மார்க்கெட்டில் முதல் நாளே வாங்கி, வறுத்து எடுத்து வந்துவிடுவாள். அறை முழுக்க மணக்கும். நான் நாற்காலியைத் தள்ளிப் போடுவேன். "நீ சாமிக்காக மீனு திங்காத. நான் சாமிக்காக மீனு திங்கறேன். மேல அவங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கட்டும், நமக்கு என்னாடி வந்துது?" என்பாள்.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். கம்ப்யூட்டர் திரையில் காட்டும் அளவை நம்பமாட்டாள். உள்ளே ஒரு கணக்கு இருக்கும், நமக்குக் காட்டும்போது அதைக் குறுக்கி முழுசாக்கிக் காட்டும் என்பாள். அதனால் எந்த வேலையையும் தாளில் எடுத்து, இரும்பு ஸ்கேலை இடது ஓரத்தில் வைத்து, ஒரே இழுப்பில் கடைசிக் கட்டம் வரை அளப்பாள். "மொத ஆளு எப்பவும் ஒழுங்காத்தான் நிப்பான். கடைசி ஆளப் பாரு. எல்லார் தப்பும் அவன் தலைலதான் வந்து உக்காரும்." புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வாள். நான் கிண்டல் செய்வேன்.

மூன்று வருடத்துக்கு முன் கண் மருந்துக் குப்பிகளுக்கு ஒட்டும் சின்ன லேபிள் வந்தது. இருநூற்றைம்பது மில்லிமீட்டர் பட்டையில் முப்பது லேபிள். ஒன்றின் அகலம் எட்டு புள்ளி மூன்று மூன்று மூன்று என்று முடியாமல் போகும். திரையில் எட்டு புள்ளி மூன்று என்று மட்டும் காட்டியது. நான் அதைப் பார்த்து, புது ஃபைலில் கையால் எட்டு புள்ளி மூன்று என்று அடித்தேன். அன்று மதலேன் லீவு. நான் அளக்கவில்லை. அது ஒரு துளி வித்தியாசம்தான். ஆனால் முப்பதாவது லேபிளுக்குப் போகும்போது முழுசாக ஒரு மில்லிமீட்டர் உதைத்தது. வெட்டும் கத்தி சரியான இடத்தில்தான் இறங்கியது, என் லேபிள்தான் தள்ளி நின்றது. காலாவதித் தேதியில் முதல் எழுத்தைக் கத்தி தின்றுவிட்டது. மருந்துக் கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது.

முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து "யாரு பண்ணது இது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மதலேன் சொன்னாள்: "கலை போட்டது சார். நான் பாத்திருக்கணும், அன்னிக்கு நான் வரல." பின்பாதி என் காதில் ஏறவே இல்லை. 'கலை போட்டது' என்பது மட்டும்தான் ஏறியது. முப்பது பேர் முன்னால் முதலாளி என்னைக் காய்ச்சி எடுத்தார். உண்மையைத்தான் சொன்னாள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'நாங்க ரெண்டு பேரும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அன்றிலிருந்து நான் பேசவில்லை.

மறுநாள் என் மேசையில் ஒரு கொய்யாப்பழம் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் கூட்டுகிற அம்மா எடுத்துப் போட்டார். வேலைச் செய்திகளெல்லாம் செல்வம் அண்ணன் வழியாகப் போய் வந்தன. காலையில் நான் நுழையும்போது "போன்ழூர்" என்பாள், யாருக்கு என்று சொல்லாமல், பொதுவாக. நான் பையை வைத்துவிட்டு கம்ப்யூட்டரைப் போடுவேன். ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

கோபம் என்னவோ ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. பேசாமல் இருப்பதுதான் தீரவில்லை. அவளே வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். பிறகு அவள் கேட்காவிட்டாலும் பேசிவிடலாம் என்று இருந்தேன். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் நூலளவு தள்ளிப் போட்டேன். நூலளவாகத்தான் மூன்று வருடம் போயிற்று.

இதில் எனக்குத் திமிர் வேறு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் வேலையில் ஒரு தப்பும் வரவில்லை. புள்ளிக்குப் பின்னால் மூன்று எண் காட்டும்படி கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டேன், இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தேன். அவள் காதில் விழட்டும் என்றே ஒரு நாள் செல்வம் அண்ணனிடம் சொன்னேன்: "யாரும் ஸ்கேலு வெச்சி அளக்காமலே என் வேலை சரியாத்தான போவுது, பாத்தீங்களா?" அண்ணன் தலையைச் சொறிந்தார். மதலேன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உப்பளம் கல்லறையில் அடக்கம். பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். அவள் அண்ணன் போனில் முகம் காட்டி அங்கிருந்தே அழுதார். மண் போடும்போது ஒரு அம்மா என்னிடம் "நீங்க அதுக்கு என்னா வேணும்?" என்று கேட்டார். "கூட வேலை பாக்கறவ" என்றேன். சினேகிதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த உரிமையை நானே விட்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஊதுபத்தி டப்பாவுக்குப் பட்டை லேபிள் ஒன்று போட்டுக் கொடுத்தேன். பிளேட் அறையிலிருந்து செல்வம் அண்ணன் தாளோடு வந்தார். கடைசிக் கட்டம் அரை மில்லிக்கு மேல் தள்ளி இருந்தது. கோடுகளை அருகிலிருக்கும் புள்ளியில் தானாக ஒட்டவைக்கும் ஒரு வசதி கம்ப்யூட்டரில் உண்டு. அது ஒவ்வொரு கட்டத்தையும் துளித் துளியாக இழுத்திருக்கிறது. "மூணு வருஷமா ஒழுங்காத்தாண்ணே வந்துது, இன்னைக்கு மட்டும் என்னா ஆச்சி?" என்றேன்.

அண்ணன் மதலேனின் மேசை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்ட தாள் கட்டுகள் இருந்தன. எல்லாம் நான் போட்ட வேலைகள், பிளேட் அறைக்குப் போக வேண்டும் என்று நான் சாயங்காலம் தட்டில் போட்டுவிட்டுப் போகிற தாள்கள். ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டத்தில் பென்சிலில் ஒரு டிக். சிலவற்றில் டிக் பக்கத்தில் அவளுடைய பொடி எழுத்து: '0.6 கம்மி. சரி பண்ணியாச்சு.' எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

"தெனம் ஏழரைக்கே வந்துடும்மா. நீ வர்றதுக்குள்ள அளந்து பாத்து, தப்பு இருந்தா திருத்தி எங்கிட்ட குடுத்துடும். உங்கிட்ட மட்டும் சொல்லாதீங்கண்ணேன்னுச்சு."

"ஏன் சொல்லக்கூடாதாம்?"

"'சொன்னா இன்னும் மூணு வருஷம் பேசமாட்டா'ன்னு சிரிச்சிச்சி."

நான் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கட்டின் மேலே இருந்த தாள், அவள் கடைசியாக வந்த சனிக்கிழமை காலை பார்த்தது. என் வேலைதான். டிக் மட்டும் இருந்தது. ஸ்கேலை வைத்து நானும் அளந்தேன். சரியாக இருந்தது. அதை அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம், நானும் அவளிடம் கேட்டிருக்கலாம். நாற்காலி இடிக்கும் தூரம்தான்.

அவளுடைய இரும்பு ஸ்கேலை, பிரான்சில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசிக் கட்டத்தை அளக்கும் பழக்கத்தை யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். இப்போது நானும் ஏழரைக்கு வந்துவிடுகிறேன். அறையைத் திறந்ததும் "போன்ழூர்" என்கிறேன், கஞ்சூர் இல்லாமல், அவள் சொல்கிற மாதிரியே. மூன்று வருடமாக அவளுக்குத் திருப்பிச் சொல்லாமல் விட்ட போன்ழூர் எனக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது.