வில்ட்ஷயரில் அம்மா வழி தவறிய நாள்

எங்கள் வீட்டில் சாரதி என்றால் அப்பாதான். ஒஸ்லோவில் நகரப் பேருந்து ஓட்டுவது அவர் தொழில். வேலை முடிந்து, எங்கள் வீடிருந்த பியோர்ண்டாலுக்கு வந்த பிறகு கடைக்கும் கோயிலுக்கும் என்னுடைய தமிழ் வகுப்புக்கும் எங்கள் காரை ஓட்டுவதும் அவர்தான். அம்மாவிடமும் ஓட்டுநர் உரிமம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பு, பனிக்கட்டித் தரையில் சறுக்காமல் ஓட்டும் பயிற்சி வரைக்கும் முடித்து, முதல் தடவையிலேயே சித்தியடைந்து எடுத்தது. தபாலில் வந்த பொதியை எடுக்கப் போகும்போது அதை அடையாள அட்டையாகக் காட்டுவார். மற்ற நேரமெல்லாம் அது கைப்பையின் உள்ளறையில் பத்திரமாகக் கிடந்தது. "ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் காணும்" என்பது அப்பாவின் கொள்கை. அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஒரு சமையலறைக்கு ஓர் அடுப்பு போதும் என்பது போலத்தான் சொல்வார்.

எனக்குப் பத்து வயதான கோடையில் லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். ஒஸ்லோவிலிருந்து லண்டனுக்குப் போகிற எங்கள் ஆட்கள் கலியாண மண்டபம், சேலைக்கடை, சொந்தக்காரர் வீடு என்று மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு நாடு பார்த்த திருப்தியோடு திரும்பிவிடுவார்கள். அம்மா நான்காவதாக ஒன்று கேட்டார். அவர் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு நோர்வீஜியப் பெண்மணி, தான் இளமையில் சுற்றிய வில்ட்ஷயர் என்ற நாட்டுப்புற மாவட்டத்தின் படங்களை அவருக்குக் காட்டியிருந்தார். புல்வெளியில் நிற்கும் பெருங்கற்கள், சுண்ணாம்புக் குன்றில் வெட்டிய வெள்ளைக் குதிரை, தேன்நிறக் கல்வீடுகள் உள்ள சிறுநகரங்கள்.

"கல்லுப் பாக்க மூண்டு நாளோ?" என்று கேட்டார் அப்பா.

"ஓம், மூண்டு நாள்" என்றார் அம்மா.

வாடகைக் கார் எடுத்த இடத்தில் இரண்டாவது சாரதியாகத் தன்னுடைய பெயரையும் எழுதச் சொன்னார் அம்மா. அப்பா சிரித்தார். "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றார் அம்மா.

இருபது வருடம் வலப்பக்கம் ஓட்டிய அப்பாவுக்கு இங்கிலாந்தின் இடப்பக்கம் பிடிபடவில்லை. திரும்புவதற்கு விளக்குப் போட நினைத்து வேறு பிடியை இழுப்பார். மழையே இல்லாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்கண்ணாடி துடைக்கப்பட்டது. முதல் நாள் சோல்ஸ்பரி நகரையும் ஸ்டோன்ஹெஞ்சையும் பார்த்தோம். அப்பா அந்தக் கற்களை ஒரு முறை சுற்றி வந்துவிட்டு, "ஆர் வேலை மினக்கெட்டு இதையெல்லாம் தூக்கினது?" என்றார். அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை. அவரை அழைத்து வர என்னை இரண்டு தடவை அனுப்ப வேண்டியிருந்தது.

அன்றிரவு டிவைசஸ் என்ற சிறுநகரில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினோம். அடுத்த நாள் காலை ஏவ்பரிக்குப் போனோம். அங்கே கல்வட்டத்துக்குள்ளேயே ஒரு கிராமம் இருந்தது. செம்மறிகள் கற்களில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றன. மதியத்துக்குப் பிறகு வெஸ்ட் கெனட் என்ற இடத்துக்கு வந்தோம். தெருவோரமாகக் காரை விட்டுவிட்டு வயல்நடுவே மேட்டில் ஏறிப் போனால், ஐயாயிரம் வருடத்துக்கும் மேலான ஒரு நீண்ட சமாதிமேடு இருக்கிறது. குனிந்து உள்ளே போகலாம். உள்ளே குளிராக, அமைதியாக இருந்தது. வெளியே வந்ததும் வாசல்கல்லோடு அம்மாவையும் என்னையும் படம் பிடிக்க விரும்பினார் அப்பா. முழுக்கல்லும் படத்துக்குள் வரவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தார், இன்னோர் அடி வைத்தார், மூன்றாவது அடியில் ஒரு முயல்வளைக்குள் வலது கால் இறங்கிவிட்டது.

அம்மா அவருடைய சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தார். விரல்களை ஆட்டச் சொன்னார். "முறியேல்லை. உளுக்குத்தான்" என்று தன் சால்வையால் இறுக்கிக் கட்டினார். நாயோடு உலாத்த வந்த ஒரு கிழவர் தன் கைத்தடியைக் கொடுத்தார். ஒரு பக்கம் தடி, மறுபக்கம் அம்மாவின் தோள் என்று அப்பா கார் வரை வந்து சேர முக்கால் மணி நேரம் எடுத்தது. வந்த பிறகுதான் மூன்று பேருக்கும் ஒரே கேள்வி எழுந்தது. கிழவர் தடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்பாவின் வலது கால் சப்பாத்துக்குள்ளேயே நுழையவில்லை. காரின் மிதியை எப்படி மிதிக்கும்?

"அம்மாவிட்டை லாப்பன் இருக்குத்தானே" என்றேன் நான். ஓட்டுநர் உரிமத்துக்கு நோர்வேயில் எல்லாரும் சொல்லும் பெயர் அது.

"பத்து வருசம் தொடாமல் இருந்திட்டு, இஞ்சை வந்து இடப்பக்கம் ஓடுவீரோ?" என்றார் அப்பா.

"ஊரிலை நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் ஓடினது இடப்பக்கம்தானே" என்றார் அம்மா.

அப்பா பின்னிருக்கையில் காலை நீட்டிக்கொண்டு ஏறினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா இருக்கையை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடிகளைத் திருப்பினார், இரண்டு கையையும் ஸ்டியரிங் வளையத்தில் வைத்தார். கார் ஒரு தடவை துள்ளி நின்றது. இரண்டாவது தடவை தெருவுக்கு ஏறிவிட்டது.

"கியரை மாத்தும். மாத்தும். இடப்பக்கம் ஒட்டாதையும், மதகு. பின்னாலை லொறி வருது" என்று அப்பா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசியிலிருந்த வழிகாட்டிப் பெண்ணும் சேர்ந்து சொன்னாள்.

"பிள்ளை, அவவை நிப்பாட்டு. ரண்டு பேர் சொன்னால் எனக்குக் குழம்புது" என்றார் அம்மா. நான் நிறுத்தினேன்.

சிறிது தூரத்தில் ஒரு வட்டச்சந்தி வந்தது. இடப்பக்கம் திரும்பினால் டிவைசஸ், இருபது நிமிடத்தில் விடுதி. அம்மா திரும்பவில்லை. வட்டத்தை ஒரு முறை சுற்றினார். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது சுற்றில் அவர் தோள்கள் கீழே இறங்கியதைப் பார்த்தேன். பிறகு நேரே போகும் தெருவில் விட்டார்.

"அம்மா, டிவைசஸ் மற்றப் பக்கம்."

"அப்படியே? விட்டிட்டன் போலை. இனி எங்கையாவது திரும்புவம்."

திரும்பவில்லை. செரில் என்ற ஊர்ப்பக்கம் மலைச்சரிவில் அந்த வெள்ளைக் குதிரை தெரிந்தது. அம்மா ஒழுங்காக விளக்குப் போட்டு ஓரத்தில் நிறுத்தினார். "எவ்வளவு நீளம், பார்" என்றார். அடுத்து கான் என்ற நகரம் வந்தது. அப்பாவின் காலுக்கு வைக்க உறைந்த பட்டாணிப் பொதி ஒன்று வாங்கினோம். அங்கிருந்தும் சரியான தெருவைப் பிடிக்க முடியவில்லை. எங்களுக்கென்றே வைத்ததைப் போலப் பழைய இடங்களைக் காட்டும் மண்ணிறப் பலகைகள் வந்துகொண்டிருந்தன. பலகையைக் கண்டால் அம்மாவின் கை தானாகத் திரும்பியது. வேலி இரு பக்கமும் உரசும் ஒடுங்கிய தெருவில் எதிரே டிராக்டர் வந்தபோது அம்மா நூறு மீட்டர் பின்னோக்கி ஓட்டி வழிவிட்டார். டிராக்டர்காரர் தொப்பியைத் தொட்டார். அம்மாவும் ஒரு விரலைத் தூக்கினார், காலம் காலமாக அதே தெருவில் ஓடியவரைப் போல.

இப்படியே பிராட்போர்ட்-ஆன்-ஏவன் வரை போய்விட்டோம். அங்கே மத்தியகாலத் தானியக் களஞ்சியம் ஒன்றைப் பார்த்தோம். கவிழ்த்த கப்பல் போன்ற மரக்கூரை. அம்மா அதன் நடுவில் அண்ணாந்து நின்றார். ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் அப்பா இன்னொரு கதிரையில் காலைத் தூக்கி வைத்து, மேலே பட்டாணியும் கையில் கேக்குமாக உட்கார்ந்திருந்தார். வலியா என்று கேட்டேன். "கேக் நல்லாயிருக்கு" என்றார். விடுதிக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இருபது நிமிடத் தெருவுக்கு எங்களுக்கு நான்கு மணித்தியாலம் எடுத்திருந்தது.

ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் அம்மா வழி தவறிய கதையைத் தமிழ் வகுப்பில் எல்லாருக்கும் சொன்னேன். லோறென்ஸ்கூக்கில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் மறுக்காமல் சிரித்தார். அந்த இலையுதிர்காலத்தில் அவர் வேலை மாறினார். வீடு வீடாகப் போய்த் தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்க்கும் வேலை. கார் ஓட்டத் தெரிந்தவர்களைத்தான் எடுப்பார்கள். அதற்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு முந்திய வசந்தத்திலேயே அனுப்பிவிட்டார் என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

என்னுடைய உரிமத்தை எடுத்த வருடம் ஒரு நாள் வில்ட்ஷயர் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நாங்கள் போன தெருவில் டிவைசஸுக்குத் திரும்பும் இடங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. அப்படி ஒருவர் வழி தவறவே முடியாது.

அதற்குப் பிறகுதான் அப்பா நினைவுக்கு வந்தார். வட்டச்சந்தியை அம்மா மூன்றாவது முறை சுற்றியபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பலகை வாசிப்பதே தொழிலாகக் கொண்ட மனிதர். டிவைசஸ் என்ற பெரிய எழுத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் தெரிந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு கியர் என்றோ லொறி என்றோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாவம், கால் நோகிறதாக்கும் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.