பாடம் நடத்த நாக்கு கேட்டேன்

போன மே மாதம் நான் ஜெபிப்பதையே விட்டிருந்தேன். கோபம் ஒன்றும் இல்லை. களைப்பு. முழங்கால்படியிட்டால் அப்படியே தூங்கிவிடுவேன்.

என் பெயர் சாமுவேல். அரூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை. கூடவே பகுதிநேர ராணுவத்தில் நாயக் பதவி. வருஷத்தில் சில மாதங்கள் சீருடை, மீதி மாதங்கள் ஆலை. கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் இரண்டு இடத்திலும் நான் பாதி ஆள். ஆலையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். முதலாளி கெட்டவர் அல்ல. "நடுவுல கெளம்பிப் போற ஆளை நம்பி ஷிப்டை எப்படிங்க வுடறது?" என்று கேட்டார்.

படையில் எனக்கு அடுத்த படி ஹவில்தார். அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு, முடிவில் தேர்வு. ஓடச் சொன்னால் ஓடிவிடுவேன், சுடச் சொன்னால் சுட்டுவிடுவேன். ஆனால் கடைசியில் ஆட்களை முன்னால் உட்காரவைத்து ஹிந்தியில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முந்தைய தடவை துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி வாயடைத்து நின்றேன். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஊர்வரை கூடவே வந்தது.

மறுபடி அழைப்பு வந்தது. வயது வரம்பால் இதுதான் கடைசி வாய்ப்பு. என் மனைவி எஸ்தர் பையில் துணி அடுக்கிக்கொண்டே, "போவாட்டித்தான் என்னங்க? இருக்கறது போதும்" என்றாள். அவளுக்கும் களைப்பு. நான் இல்லாத மாதங்களில் மாடு, பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் என் அப்பா எல்லாம் அவள் தலையில்தான்.

முகாமுக்குப் போனால், ஒரே ஒரு இடம்தான் காலி என்றார்கள். எனக்குப் போட்டி மஞ்சுநாத். பென்னாகரம் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். வீட்டில் கன்னடம். பெங்களூரில் வேலை பார்த்ததில் ஹிந்தி அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

ஒரு மாலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். யாரும் இல்லை என்று நினைத்து வாய்விட்டே கேட்டேன்.

"ஆண்டவரே, என்னால முடியல. பதவி குடுக்காட்டியும் பரவாயில்ல. பேச வேண்டியதைப் பேசி முடிக்க நாக்கு குடுங்க. இல்லன்னா இந்த ஆசையை எடுத்துடுங்க."

அவ்வளவுதான். கண்ணீர்கூட வரவில்லை.

மறுநாள் மதிய ஓய்வில் மஞ்சுநாத் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "வாங்கண்ணா, பாடத்தைச் சொல்லிப் பாக்கலாம்."

"உனக்கு எதுக்கு மஞ்சு இந்த வேலை? இருக்கறது ஒரே எடம்."

அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "நேத்து தொட்டிக்கு அந்தப் பக்கம் துணி தொவைச்சிட்டு இருந்தேங்கண்ணா. உங்க சாமிக்குக் கேட்டுச்சோ என்னவோ, எனக்குக் கேட்டுடுச்சு. கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

அன்றிலிருந்து மதிய ஓய்வெல்லாம் பாடம்தான். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லவைத்தார். தவறினால் சிரிக்க மாட்டார். திரும்பச் சொல்லச் சொல்வார்.

தேர்வில், நடுவில் ஒரு சொல் மறந்தது. பின்வரிசையில் மஞ்சுநாத் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல் வந்தது. என் ஹிந்தி அழகாக இல்லை. ஆனாலும் பாடத்தை முடித்தேன்.

இருவரும் தேறினோம். சீனியாரிட்டிப்படி இடம் எனக்குக் கிடைத்தது. மஞ்சுநாத்தின் முகம் வாடியதைப் பார்த்தேன். இருந்தும் வந்து கையைப் பிடித்தார். "மொதல்ல வூட்டுக்கு போன் போடுங்கண்ணா" என்றார். போட்டேன். எஸ்தர் செய்தியைக் கேட்டு அழுதாள்.

இன்றும் எனக்கு இரண்டு வேலை. ஆலையில் அதே இடம், உடம்பில் அதே அலுப்பு. ஆனால் முகாமில் ஹிந்தி வராமல் திணறும் நம் பக்கத்து ஆட்களை இப்போது நான் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன். ஜெபம் திரும்பி வந்துவிட்டது. கர்த்தர் அன்று மஞ்சுநாத்தின் காதைத் திறந்தார் என்றே நம்புகிறேன்.

களைத்துப்போன சகோதர சகோதரிகளே, ஜெபிக்க நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற களைப்போடு கேளுங்கள். பதில் யார் வழியாக வரும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

எங்கள் படையில் இன்னொரு ஹவில்தார் இடம் காலியாகப் போகிறது. மஞ்சுநாத் அதற்காகக் காத்திருக்கிறார். இன்று எனக்காக ஸ்தோத்திரம் சொல்லும்போது, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.