சீல் சாரும் அண்ணன் வீட்டு மதிலும்

நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமும் அவருக்குச் சீல் சார் என்றுதான் பெயர். வந்த மனுவை அவர் படித்ததாக யாரும் பார்த்ததில்லை. தாளைத் திருப்பி அடியில் பார்ப்பார். ஊதா நிறத்தில் வட்டமாக ஒன்று இருந்தால் கோப்புக்குள் போகும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பும். அடுத்த வீட்டில் இருக்கும் சொந்த அண்ணன் மாடி கட்ட அனுமதி கேட்ட மனுவையே சீல் இல்லையென்று மூன்று முறை திருப்பி அனுப்பிய மகானுபாவர். அதற்குப் பிறகு அண்ணன் ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சார் ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம்தான் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார் அண்ணன். சாருக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் வீட்டின் பின்புறத்தைத் தோட்டமாக்கும் ஆசை வந்தது. மேட்டைச் சமமாக்கி, புல் பதித்து, இரண்டு நாற்காலி போட்டு அண்ணனை உட்கார வைக்க வேண்டும்.

தோட்டக் காண்ட்ராக்டர் வந்ததும், "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று சார் மிடுக்காகக் கேட்டார். வேலையின்போது அடுத்தவருக்கோ அவர் சொத்துக்கோ சேதம் வந்தால் கம்பெனி ஈடு கொடுக்கும், நம் தலையில் விடியாது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். காண்ட்ராக்டர் நாலு பக்கம் நீட்டினார். சார் கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஊதா வட்டம் இருந்தது.

"உள்ள என்ன போட்டிருக்குன்னு படிங்க. கம்பெனிக்கு ஒரு போன் போட்டும் கேட்டுடலாம்," என்றாள் மனைவி.

"சீல் இருக்கு," என்றார் சார். நாலு பக்கத்தையும் லேமினேட் செய்து கொண்டுவந்தார். படிப்பதைத் தவிர ஒரு தாளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை எல்லாம் செய்தாயிற்று.

மூன்றாம் நாள், மண் தோண்டும் இயந்திரம் பின்னால் வந்த வேகத்தில் மதில் அண்ணன் பக்கமாகச் சரிந்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. சார் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கவலைப்படாதீங்கண்ணா, இன்சூரன்ஸ் பாத்துக்கும். சீல் இருக்கு."

அண்ணன் விழுந்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அதை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"புல் வெட்டறதுக்கும் செடி நடறதுக்கும்தான் இன்சூரன்ஸ். மெஷின் வச்சுத் தோண்டினா கிடையாதாம். இந்த சீலும் கம்பெனியோடது இல்லடா. காண்ட்ராக்டர் தன் கடை சீலைக் குத்தியிருக்கான்."

காண்ட்ராக்டரைத் தேடினால் ஆள் எப்போதோ நழுவியிருந்தார். சார் விழுந்த கற்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். மதில் போனால் கட்டிக்கொள்ளலாம். அண்ணன் பேச்சு மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வது?

சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளோடு போய் நின்றார். மதிலை நானே கட்டித் தருகிறேன், அன்றைக்கு மனுவைத் திருப்பியதும் என் தப்புதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அண்ணன் வரி வரியாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சீல் எதுவும் இல்லண்ணா," என்றார் சார், பழக்க தோஷத்தில்.

"அதான் படிச்சுட்டேனே," என்றார் அண்ணன். "சாப்பிட்டியா?"